சிறுபொறியும் தொடக்கக் கற்றலும்: தொண்டை மண்டல இருளரின் எலி வேட்டையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வேட்டைத் தொழிலைக் கற்கப் புகுவோர் உலகின் பல பகுதிகளிலும் சிறிய உயிரினத்தையும் சிறிய பொறியையும் கொண்டே தொடங்குகின்றனர். வட அமெரிக்க உரோமத் தொழிலில் நீரெலி பிடிக்கும் சிறு காற்பொறி அவ்விடத்தைப் பெறுகிறது. தமிழகத்தில் வயலெலியும், அதனைப் பிடிக்கும் கிட்டி, புகைமூட்டம் ஆகியனவும் அவ்விடத்தைப் பெறுகின்றன. தாம்பரம், செங்கல்பட்டு வட்டாரங்களில் வாழும் இருளர் சமூகத்தை முன்வைத்துத் தொடக்கநிலை வேட்டைக் கற்றலின் இயல்பையும், 1972ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் அக்கற்றல் அடைந்த மாற்றத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பொறி, கண்ணி, கிட்டி, அடார், இருளர், தொண்டை மண்டலம், மரபறிவு, தோல் வணிகம்.

முன்னுரை

தாம்பரத்திற்கும் குரோம்பேட்டைக்கும் கிழக்கே அஸ்தினாபுரம், நெமிலிச்சேரி, செம்பாக்கம், இராசகீழ்ப்பாக்கம், சேலையூர் என ஊர்கள் தொடர்கின்றன. இவற்றுட் பலவற்றின் பெயரோடு ஓர் ஏரியின் பெயரும் சேர்ந்தே வழங்குகிறது. ஏரி இருந்தால் அதன்கீழ் ஆயக்கட்டு இருந்தது, ஆயக்கட்டு இருந்தால் வரப்பு இருந்தது, வரப்பு இருந்தால் எலி வளை இருந்தது. இன்று இவ்வூர்கள் 2021இல் உருவாக்கப்பட்ட தாம்பரம் மாநகராட்சியின் பகுதிகள். வரப்புகள் மனைப்பிரிவுகளின் எல்லைக் கற்களாகிவிட்டன. இக்கட்டுரையாளர் குடியிருக்கும் அஸ்தினாபுரத் தெருவில் எலி என்றால் மழைநீர் வடிகாலில் ஓடும் பெருச்சாளிதான். அதைப் பிடிக்கக் கடையில் வாங்கிய கம்பிக் கூண்டோ பசை அட்டையோ போதும் என்று நினைக்கப்படுகிறது. அதற்குத் தனியே ஒரு கல்வி உண்டு என்பதும், அக்கல்வியில் தேர்ந்தோர் சில கல் தொலைவில் வாழ்ந்தனர், வாழ்கின்றனர் என்பதும் பெரும்பாலோர் அறியாதவை.

சேலையூருக்கு இவ்வகையில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. உரோமுலசு விட்டேக்கர் தொடங்கிய பாம்புப் பண்ணை 1970ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் முதலில் சேலையூரில்தான் இயங்கியது. 1972இல்தான் அது கிண்டிக்கு இடம்பெயர்ந்தது. அப்பண்ணைக்குப் பாம்பு கொண்டுவந்து கொடுத்தவர்களும், பாம்பின் தடம் பார்க்கும் கலையை விட்டேக்கருக்குக் காட்டியவர்களும் இருளர்களே. பாம்பு பிடித்தலைப் பற்றி எழுத்துகள் பல வந்துள்ளன. அதற்கு முன்படியாகிய எலி பிடித்தலைப் பற்றிய கவனம் குறைவு. அக்குறையை ஓரளவு நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொறி, கண்ணி, கிட்டி: சொல்லும் பொருளும்

வேட்டைக் கருவிகளைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் கருவியின் செயலைத் துல்லியமாகப் பிரித்துக் காட்டுகின்றன. கண்ணி என்பது கயிற்றால் அமைந்த சுருக்கு. வலையின் துளையைக் ‘கண்’ என்று வழங்குவதோடு இது உறவுடையது. அடார் என்பது சிறு முட்டுக்கொடுத்துச் சாய்த்து நிறுத்திய பெருங்கல். முட்டு விலகினால் கல் விழுந்து விலங்கை நசுக்கும். பொறி என்பது இவையனைத்திற்கும் பொதுச்சொல். அதே சொல் இயந்திரத்தையும், ஐம்புலன்களையும், பதிந்த அடையாளத்தையும் குறிக்கும். மண்ணில் பதிந்த அடையாளத்தைப் படிக்கத் தெரிந்தவனே பொறி வைக்கவும் தெரிந்தவன் என்பதை எண்ணும்போது இப்பொருள் ஒற்றுமை தற்செயலாயினும் சிந்திக்கத்தக்கது.

கிட்டி என்னும் சொல்லின் வரலாறு சற்றுக் கசப்பானது. கிட்டுதல் என்பது நெருங்குதல், நெருக்குதல் என்னும் பொருளுடையது. இரண்டு கழிகளை ஒருமுனையில் பிணைத்து, இடையில் கை விரல்களையோ காலையோ வைத்து இறுக்கும் வதைக் கருவிக்கும் கிட்டி என்றே பெயர். சென்னை மாகாணத்தில் நிலவரி தண்டுவதற்காக உழவர்கள்மீது நிகழ்த்தப்பட்ட வதைகளை ஆராய்ந்த ஆணையத்தின் 1855ஆம் ஆண்டு அறிக்கையில் இக்கருவி பெயர் சுட்டப்பட்டுள்ளது. உழவன் எலிக்கு வைத்த கிட்டியும், வரி தண்டுவோர் உழவனுக்கு வைத்த கிட்டியும் ஒரே பெயரையும் ஒரே இயங்குமுறையையும் உடையன. பொறியின் நோவைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடலாகாது.

இலக்கியப் பதிவுகள்

சங்க இலக்கியம் பொறியை வெறும் பின்னணிப் பொருளாகக் காட்டவில்லை. அதன் வெற்றியையும் தோல்வியையும் கூர்ந்து காட்டுகிறது. நற்றிணை 119ஆம் பாடலில், தினையை உண்ணவரும் பன்றிக்கென்று புனவன் வைத்த கல் அடாரில் புலி அகப்படுகிறது. இன்றைய காட்டுயிரியலார் இலக்கு அல்லாத உயிர் அகப்படுதல் என்று விவாதிக்கும் சிக்கல் இதுவே. நற்றிணை 98ஆம் பாடலில், புனத்திற்குள் நுழையும் வழியில் பொறி வைக்கப்பட்டுள்ளது. நுழையப்போகும் பன்றி அருகே பல்லி ஒலித்ததும் பின்வாங்கித் தன் குகைக்குத் திரும்பிவிடுகிறது. நிமித்தம் என்று உரைகள் கூறும் இந்நிகழ்வை விலங்கின் ஐயவுணர்வு என்றும் கொள்ளலாம். பழகிய வழியில் புதிய பொருள் ஒன்றைக் கண்டால் தயங்குவது பொறிக்குத் தப்பிய விலங்கின் முதல் இயல்பு. புறநானூறு 19ஆம் பாடலிலும் அடார் உவமையாக வருகிறது. அங்கு வேட்டுவன் பொறியின் நுட்பத்தை அறிந்து அதனை மாட்டுகிறான் என்று கூறப்படுவது நம் பொருளுக்கு இன்றியமையாதது. அடாரில் கல் எவர்க்கும் கிடைக்கும். அறிதல்தான் கிடைப்பதற்கு அரியது.

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை நம் வட்டாரத்திற்கு நெருங்கிய நூல். அதில் எயினர் நீருண்ண வரும் பன்றிக்காகக் குழிக்குள் பதுங்கி இரவில் காத்திருக்கின்றனர். அது வாய்க்காத போது பகலில் நாயுடன் புதர்களைக் கலைத்து, வலை மாட்டி முயலை வளைக்கின்றனர். எயின மகளிரோ இரும்புப் பூண் பொருத்திய கோலால் கரம்பு நிலத்தைக் கிளறிப் புல்லரிசி சேர்க்கின்றனர். இன்றைய இருளர் கையிலுள்ள கடப்பாரையையும், எலி வளையிலிருந்து பெண்கள் நெல் சேர்க்கும் முறையையும் கண்டவர்க்கு இப்பகுதி உடனே நினைவுக்கு வரும். எனினும் இந்த ஒப்புமையைக் கொண்டு எயினரே இருளர் என்று நிறுவுவது பொருந்தாது. இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியை ஒரு கடப்பாரையால் இணைத்துவிட இயலாது. ஒரே நிலம் ஒத்த பிழைப்பு முறைகளை வேண்டிற்று என்பதோடு நிறுத்திக்கொள்வதே முறை.

சிறியதில் தொடங்குதல்: ஓர் ஒப்பீடு

வேட்டைக் கற்றலை விளக்க வெளிநாட்டுச் சான்று ஒன்று உதவும். 1670இல் அட்சன் விரிகுடா நிறுவனம் உரிமம் பெற்ற காலந்தொட்டு வட அமெரிக்காவில் விலங்கு உரோமம் பெருவணிகமாக விளங்கியது. 19ஆம் நூற்றாண்டில் நியூயார்க் மாநிலத்தின் ஒனைடா சமூகத்தைச் சேர்ந்த சியூவல் நியூஅவுசு எஃகினாலான காற்பொறிகளை அளவு வாரியாக எண்ணிட்டுச் செய்து பரப்பினார். இரு தாடைகள், அவற்றை மூடவைக்கும் வில், நடுவில் மிதிதட்டு, தட்டைத் தாங்கும் சிறு கொக்கி ஆகியவை அதன் உறுப்புகள். விலங்கு தட்டை மிதித்ததும் கொக்கி விலகித் தாடைகள் காலைக் கவ்வும். காலைக் கவ்வுவதால் தோலின் பெரும்பகுதி பழுதுபடாமல் கிடைக்கும். உரோம வணிகம் இப்பொறியை விரும்பியதற்கு இதுவே காரணம்.

புதிதாகக் கற்பவர் கையில் கரடிப் பொறி தரப்படுவதில்லை. நீரெலிக்குரிய ஒன்றாம் எண் சிறுபொறியே தரப்பட்டது. அதன் வில்லைக் கையாலேயே அமுக்கித் திறக்கலாம். தவறி மூடிக்கொண்டால் விரல் வலிக்கும், ஆனால் ஒடியாது. நீரெலி மிகுதியாக வாழ்வது, ஒரே வழியில் மீண்டும் மீண்டும் செல்வது, தன் தடத்தை மறைக்காதது. ஆகவே தொடக்கக்காரரின் பிழைகளை அது பொறுத்துக்கொள்ளும். நரியிடம் அது நடவாது. நரிக்கு வைக்கும் பொறியை மரப்பட்டை நீரில் வேகவைத்து, மெழுகிட்டு, மனித வாடை படாமல் கையாள வேண்டும். நீரெலியில் இடமறிதலைக் கற்றவரே நரியில் மறைத்தலைக் கற்கத் தகுதியுடையவர் என்னும் படிநிலை அத்தொழிலில் இருந்தது.

இப்பொறி விலங்கை உயிருடன் நெடுநேரம் வதைக்கிறது என்னும் எதிர்ப்பு வலுத்ததால், ஐரோப்பிய ஒன்றியம் 1991இல் இயற்றிய விதியின்படி 1995 முதல் காற்பொறியைத் தன் எல்லைக்குள் தடைசெய்தது. கனடாவின் மாகாணங்கள் பலவற்றில் பயிற்சி வகுப்பை முடிக்காமல் பொறி உரிமம் பெற இயலாது. வீட்டிலும் காட்டிலும் கற்ற பாடம் வகுப்பறைக்கு வந்ததன் சுருக்கம் இது.

வயலெலி என்னும் ஆசிரியர்

தமிழக நெல்வயல்களில் நான்கு வகை எலிகள் முதன்மையானவை. வரப்பில் வளை தோண்டி நெல்லைச் சேமிக்கும் சிறு பெருச்சாளி வகை, மென்மையான மயிருடைய புல்லெலி, மேட்டுநிலத்தை விரும்பும் வெள்ளெலி, உருவில் மிகச் சிறிய வயல் சுண்டெலி ஆகியன அவை. இவற்றின் வளைகளைப் பிரித்தறிவதே தொடக்கக்காரருக்கு முதற்பாடம். வளைவாயில் புதுமண் குவிந்து, வாய் மண்ணால் அடைபட்டிருந்தால் உள்ளே பெருச்சாளி வகை இருக்கிறது. மண் ஈரமாக இருந்தால் நேற்றிரவு தோண்டியது. காய்ந்து வெடித்திருந்தால் குடி பெயர்ந்துவிட்டது. குவியல் இன்றி வாய் திறந்திருப்பது வெள்ளெலியின் வளையாக இருக்கலாம். அவ்வளையில் நிலத்தின் மேற்பரப்பை ஒட்டி ஒரு தப்பிக்கும் வழி இருக்கும். மெல்லிய மண்தோல் மட்டுமே அதை மூடியிருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் தோண்டத் தொடங்கும் சிறுவன் மாலைவரை மண்ணை மட்டுமே பெறுவான்.

எலி திறந்த வெளியைத் தவிர்த்து வரப்பின் ஓரத்தையோ சுவரின் ஓரத்தையோ உரசிக்கொண்டே ஓடும். அன்றாடம் ஒரே பாதையில் ஓடுவதால் அங்கே புல் படிந்து தடம் விழும். பொறி அத்தடத்தில் இருக்க வேண்டும். ஒரு சாண் விலகினாலும் பயன் குன்றும். புதிய பொருளைக் கண்டு எலி அஞ்சும். உண்டு நோயுற்ற இரையை மீண்டும் தொடாது. எனவே பொறியை இயங்கவிடாமல் இரையை மட்டும் சில நாள் வைத்துப் பழக்கி, பின்னரே பொறியை இயக்குவது தேர்ந்தோர் வழக்கம். பொறுமையின்மையே தொடக்கக்காரரின் பெருங்குறை. முதல் இரவிலேயே பொறியை இயக்கி, அரைகுறையாகச் சிக்கித் தப்பிய எலிகளால் அவ்வயல் முழுவதையும் எச்சரித்துவிடுவார்.

காவிரிப் படுகையில் வழங்கும் தஞ்சாவூர்க் கிட்டி இக்கற்றலுக்கு ஏற்ற கருவி. மூங்கில் பிளாச்சை வில்லாக வளைத்து, அதன் விசையால் இறுகும் நாணை அமைத்து, நடுவில் இரையைப் பொருத்துவர். இரையை இழுத்ததும் வில் விடுபட்டு எலியின் கழுத்தை இறுக்கும். இரும்பு வேண்டா, விலை வேண்டா, உடைந்தால் மூங்கிலுக்கும் பஞ்சமில்லை. மாலையில் வைத்து விடியலில் எடுத்து, எலியின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி பெறும் தொழிலாளர் அப்பகுதியில் இருந்தனர். வேளாண் துறையும் நஞ்சுக்கு மாற்றாக இதைப் பரிந்துரைத்து வந்துள்ளது. கிட்டியின் நாண் எந்த அளவு இறுக வேண்டும் என்பது கற்பதற்குக் கடினமான பகுதி. மிகுதியாக இறுக்கினால் காற்றுக்கே விடுபடும். தளர்த்தினால் எலி இரையைத் தின்றுவிட்டுச் செல்லும், அல்லது கழுத்துக்கு மாறாகக் கால் அகப்பட்டு விடியும்வரை துடிக்கும். இந்த இரண்டாம் பிழையைச் செய்தவன் விடியலில் அதைக் கண்ணால் காண நேர்கிறது. சிறுபொறி கற்றுத்தரும் பாடங்களுள் இதுவும் ஒன்று.

இருளரின் முறை: மூட்டமும் தோண்டலும்

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பகுதிகளின் இருளரிடம் கிட்டியைவிடத் தோண்டலும் புகைமூட்டமும் பெருவழக்கு. அடியில் சிறு துளையிட்ட மண்பானையில் வைக்கோலை அடைத்து நெருப்பிட்டு, பானையின் வாயை வளைவாயில் பொருத்தி, அடித்துளை வழியாக வாயால் ஊதுவர். புகை வளைக்குள் பரவும். மற்ற வழிகள் முன்னரே மண்ணால் அடைக்கப்பட்டிருக்கும். மயங்கிய எலியைப் பின்னர்த் தோண்டி எடுப்பர். தோண்டும்போது நெற்கதிர் சேமிப்பு அறை வெளிப்படும். அந்நெல்லைப் புடைத்து எடுத்துச் செல்வது பெரும்பாலும் பெண்களின் பணி. உழவருக்குப் பயிர்க்காப்பு, இருளருக்கு இறைச்சியும் நெல்லும். ‘மலையைக் கெல்லி எலியைப் பிடித்ததுபோல’ என்னும் பழமொழி பெருமுயற்சியால் சிறுபயன் பெறுவதை எள்ளுகிறது. வளைக்குள் நெல் இருப்பதை அறியாதவர் யாரோ கட்டிய பழமொழி என்றே தோன்றுகிறது.

இங்கும் கற்றல் குடும்பத்தோடு இயைந்தது. பெற்றோர் தோண்டும்போது குழந்தைகள் வளையின் பிற வாய்களைக் கண்டு அடைப்பர். புகை எங்கே கசிகிறது என்று பார்த்துச் சொல்வர். அதாவது, பிடிப்பதற்கு முன்னரே வளையின் வரைபடத்தை மனத்தில் வரையக் கற்கின்றனர். கையை வளைக்குள் விடுவது கடைசிப் பாடம். அதற்குத் தக்க காரணமும் உண்டு. எலி வளையில் எலி மட்டும் இருப்பதில்லை. நாகமும் கண்ணாடி விரியனும் எலியைத் தேடி அங்கே புகும். வளைவாயின் மண் வழவழப்பாக அழுந்தியிருப்பது, சட்டையின் துண்டு கிடப்பது, எச்சம் கிடப்பது ஆகிய குறிகளைப் படிக்கத் தெரியாத கை உள்ளே செல்லக்கூடாது. எலி பிடிக்கக் கற்றவர் பாம்பு பிடிக்கக் கற்பதற்கும் இதுவே வாயில். வட அமெரிக்கருக்கு நீரெலியிலிருந்து நரிக்குச் செல்லும் படி எதுவோ, இருளருக்கு எலியிலிருந்து பாம்புக்குச் செல்லும் படி அது.

வாயால் ஊதும் முறை உடலுக்குத் தீங்கானது. புகை நுரையீரலுக்குச் செல்லும், பானை கையையும் உதட்டையும் சுடும். நலிந்தோர் மேம்பாட்டிற்காகச் சென்னையில் இயங்கிய தன்னார்வ அமைப்பு ஒன்று, கைப்பிடியைச் சுழற்றினால் காற்று ஊதும் எஃகுக் கருவியை உருவாக்கி, 2003இல் உலக வங்கியின் மேம்பாட்டுச் சந்தைப் போட்டியில் நிதி பெற்று இருளரிடையே வழங்கியது. பானையின் தத்துவம் மாறவில்லை. ஊதும் வாய்க்குப் பதில் விசிறி வந்தது. மரபறிவை மதித்து அதன் கேட்டை மட்டும் நீக்கிய முயற்சிகளுள் இதைச் சிறந்த ஒன்றாகக் கருதலாம். எலிக்காய்ச்சல் போன்ற தொற்றுகளுக்கு எதிரான கையுறை, காலணி குறித்து இத்தகைய அக்கறை இன்னும் பரவலாக எழவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தோல் வணிகமும் சட்டமும்

உரோம வணிகத்தின் நேர் இணை நம் வட்டாரத்தில் பாம்புத் தோல் வணிகமே. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இருளர் பிடித்த பாம்புகளின் தோல் சென்னைத் தோல் பதனிடுவோர் வழியாக மேலைநாடுகளின் காலணிகளாகவும் கைப்பைகளாகவும் ஆயிற்று. உரோமத்திற்கு வேண்டியது போலவே இங்கும் வேண்டியது பழுதற்ற தோல். பொறி தோலைக் கிழிக்கும், கை கிழிக்காது. இருளரின் கைத்திறன் வணிகத்திற்கு விலைமதிப்பற்றதாக இருந்தது. ஆனால் அதற்குரிய விலை அக்கைக்குக் கிடைக்கவில்லை. எலியை உண்ணும் சாரைப்பாம்பும் இவ்வணிகத்தில் பெருமளவில் அழிந்தது என்பது இதன் மற்றொரு முரண். இதே காலத்தில் கீரியின் மயிர் ஓவியத் தூரிகைக்காக விற்கப்பட்டது. ஒரு கீரியிலிருந்து தூரிகைக்கு ஆகும் மயிர் சில பத்துக் கிராம்தான். உத்தரப் பிரதேசத்தின் சேர்கோட் தூரிகைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்குச் சென்ற கீரி மயிரைப் பிடித்துக் கொடுத்தோருள் பல மாநிலங்களின் நாடோடி வேட்டைச் சமூகங்கள் இருந்தன.

1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்கு விரிவான வரையறை தந்தது. கொல்லுதல் மட்டுமின்றி, பிடித்தல், கண்ணி வைத்தல், பொறி வைத்தல், இரை வைத்தல் ஆகியனவும் அதில் அடங்கும். 1970களின் இடைப்பகுதியில் பாம்புத் தோல் ஏற்றுமதியும் நின்றது. அச்சட்டம் தேவையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் தோலை ஏற்றுமதி செய்தவர் வேறு வணிகத்திற்கு மாறினார்; பாம்பைப் பிடித்தவருக்கு மாற வேறொன்றும் இல்லை. 1978இல் அமைக்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் இந்நிலையில் தோன்றியதே. வடநெம்மேலியில் இயங்கும் இச்சங்கம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை எடுத்து, நஞ்சுமுறி மருந்து செய்வோருக்கு வழங்குகிறது. பிடித்த பாம்பைச் சில வாரங்கள் வைத்திருந்து, நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் விட்டுவிடுவர். கொல்லாமலே பிழைக்கும் வழி இது. எனினும் சங்க உறுப்பினர் சில நூறு பேர். வனத்துறை இசைவளிக்கும் பாம்பு எண்ணிக்கையும் வரையறைக்குட்பட்டது.

எலி மட்டும் தடைக்கு வெளியே நின்றது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை எலியையும் சுண்டெலியையும் தீங்குயிர்களாகப் பட்டியலிட்டது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வட்டவணையை நீக்கிய பின்னரும் எலி பாதுகாக்கப்பட்ட உயிராகவில்லை. இதன் விளைவைக் கற்றல் நோக்கில் பார்க்க வேண்டும். எலி, காடை, முயல், உடும்பு, பாம்பு என்று ஏறிச்சென்ற படிவரிசையில் மேற்படிகள் அனைத்தும் குற்றமாயின. முதற்படி மட்டும் எஞ்சியது. தொடக்கக்காரரின் பயிற்சியே ஒரு சமூகத்தின் முழுத் தொழிலாகச் சுருங்கிற்று.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியினரின் மரபுரிமைகள் பலவற்றை ஏற்றுக்கொண்டபோதும், வேட்டையாடும் உரிமையையும் பொறிவைக்கும் உரிமையையும் வெளிப்படையாக விலக்கியது. அது காட்டுயிருக்கு நல்லது. ஆனால் ‘மரபுரிமை’ என்று அரசு ஏற்பதற்கும் ‘மரபறிவு’ என்று ஆய்வாளர் போற்றுவதற்கும் இடையே ஓர் இடைவெளி இருப்பதை இவ்விலக்கு காட்டுகிறது. போற்றப்படும் அறிவைப் பயன்படுத்திக் கற்றுத்தர வழியில்லை. வயலோரம் கண்ணியோடு காணப்படும் இருளச் சிறுவன் எலிக்கு வைத்ததா முயலுக்கு வைத்ததா என்று விளக்கும் நிலையில் இல்லை. ஐயத்தின் பேரில் விசாரணைக்கு உள்ளாகும் இச்சமூகத்தின் அச்சத்தை 2021இல் வெளிவந்த ‘ஜெய் பீம்’ திரைப்படம் பலருக்கும் அறிமுகப்படுத்தியது. எலி வேட்டையைத் தொடக்கப் பகுதியிலேயே காட்டியதும் அப்படமே. உண்மையில் காட்டுயிருக்குப் பேரழிவு செய்வது மூங்கில் கிட்டி அன்று. காட்டோரங்களில் கட்டப்படும் கம்பிச் சுருக்கும், பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயும் யானையையும் சிறுத்தையையும் சேர்த்தே கொல்லுகின்றன. இவற்றுக்குத் தடம் படிக்கும் அறிவு தேவையில்லை. கற்க ஒன்றுமில்லாத பொறிகள் இவை.

இன்றைய கற்றற்களம்

2017இல் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் அமெரிக்காவின் புளோரிடாவிற்கு அழைக்கப்பட்டனர். அங்குப் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைக் கண்டறிவதில் அந்நாட்டு அறிஞர்களுக்கு உதவினர். 2023இல் இருவரும் பத்மஸ்ரீ விருது பெற்றனர். புளோரிடாவின் மலைப்பாம்பு அவர்கள் முன்பு கண்டதன்று, அந்நிலமும் புதிது. எனினும் வழவழத்த மண், எச்சம், வெயில் காயும் இடம் ஆகியவற்றைப் படிக்கும் அடிப்படை மாறவில்லை. வளைவாயில் தொடங்கிய பாடம் அவ்வளவு தொலைவு செல்லக்கூடியது.

அப்பாடம் தொடங்குவதற்கு வளைவாய் வேண்டும் என்பதே சிக்கல். தாம்பரத்தின் கிழக்கே நன்செய் மிகச் சுருங்கிவிட்டது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தின் புதர்க்காடு போன்ற சில இடங்கள் மட்டுமே பழைய நிலத்தின் மாதிரியாக நிற்கின்றன. அங்கும் வேட்டைக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. எலியோ குறையவில்லை. வயலிலிருந்து வடிகாலுக்கும் கிடங்குக்கும் மாடிவீட்டின் தோட்டத்திற்கும் அது மாறிக்கொண்டது. நகரவாசி வாங்கும் பசை அட்டை எலியோடு பல்லியையும் ஓணானையும் சிறு பறவையையும் ஒட்டவைத்து, ஒரு நாளோ இரு நாளோ துடிக்கவிட்டுக் கொல்லுகிறது. வைப்பவர் பெரும்பாலும் அதைப் பார்ப்பதுமில்லை. குப்பைத் தொட்டியில் போட்டுவிடுகிறார். நற்றிணையின் புனவன் பன்றிக்கு வைத்ததிலும் புலி அகப்பட்டது.

நகர எலிக் கட்டுப்பாட்டில் இருளரின் வளையறிவைப் பயன்படுத்தும் முயற்சி மாநகராட்சி அளவில் மேற்கொள்ளத்தக்கது. கூண்டை எங்கே வைப்பது, எத்தனை நாள் இயக்காமல் வைப்பது, எந்த வாயை அடைப்பது என்பனவற்றை அறிந்தவர்கள் பக்கத்து வட்டத்திலேயே உள்ளனர். அவர்களைக் கூலியாட்களாக அன்றிப் பயிற்றுநர்களாக அமர்த்துவதற்குச் சட்டத் தடை ஏதுமில்லை. ஏனெனில் எலி இன்றும் எந்த அட்டவணையிலும் இல்லை.